முப்பத்து நான்கு சென்டிமீட்டர்

மேசையை நகர்த்தியதில்தான் வினை தொடங்கியது. தெருப்பக்க ஜன்னலில் சாரல் அடிக்கிறது என்று, வயர்லெஸ் பெட்டி இருந்த மேசையை உள்சுவரோரம் தள்ளி வைத்தார் சோரியாங்குப்பத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர். மாடியிலிருந்து இறங்கும் ஆண்டெனா கேபிள் எட்டவில்லை. இழுப்பறையில் கிடந்த துண்டுக் கேபிளுக்கு இரண்டு முனையிலும் பிளக் பற்றவைத்து இடையில் கோத்தார். மைக்கை அழுத்தியதும் வாட் மீட்டர் 17-ல் போய் நின்றது. அன்று காலையில்தான் அதே மீட்டர் 25 காட்டியிருந்தது.

துண்டைக் கழற்றி, மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்தார்: 25. மறுபடியும் கோத்தார்: 17. பற்றவைப்பில் குறையோ என்று அதே நீளத்தில் வேறொரு துண்டு செய்து போட்டார். அதுவும் 17. எட்டு வாட்டை அந்தத் துண்டு விழுங்கியிருந்தால் அது சூடாகியிருக்க வேண்டும். பற்றவைக்கும் அயர்னோடு முப்பது வருடம் பழகிய கைக்கு எட்டு வாட்டின் சூடு தெரியாமல் போகாது. பிடித்துப் பார்த்தார், கேபிள் ஜில்லென்று இருந்தது. டேப் வைத்து அளந்தார். பிளக்கோடு சேர்த்து 34 சென்டிமீட்டர்.

அவருடைய ஊரான சோரியாங்குப்பம் புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில், தென்பெண்ணைக் கரையில் இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். கோயில் திருவிழாவுக்கு மைக் செட், வீடுகளுக்கு ரேடியோ, பிறகு டிவி என்று பழுது பார்த்துக்கொண்டிருந்தவரை ஹாம் ரேடியோவின் பக்கம் திருப்பியது 2004 டிசம்பர் 26-ஆம் தேதி. கடலூர்க் கரையையும் புதுச்சேரிக் கரையையும் சுனாமி அடித்த அதே நாளில், அந்தமானில் தொலைபேசிகள் செத்துக் கிடந்தன. ஹைதராபாதின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்திலிருந்து போர்ட் பிளேருக்கு வந்திருந்த பாரதி பிரசாத், விடுதி அறையில் வைத்திருந்த தன் நிலையத்திலிருந்து மெயின்லேண்டுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். அதைப் பத்திரிகையில் படித்தவர், கடையைச் சாத்திய பிறகு இரவுகளில் தேர்வுக்குப் படித்து உரிமம் வாங்கினார். ரேடியோவைத் திறந்து மூடத் தெரியும், ஆண்டெனா என்பது மாடியில் கட்டும் கம்பிதானே என்ற தைரியம் அப்போது இருந்தது. அந்தத் தைரியத்தைத்தான் 34 சென்டிமீட்டர் துண்டு கலைத்துப் போட்டது.

காற்றலையில் கேட்டால் யோசனைக்குப் பஞ்சமில்லை. "கேபிளைக் கொஞ்சம் கொஞ்சமா வெட்டிப் பாருங்கண்ணே, எங்க பவர் ஏறுதோ அங்க நிறுத்திடுங்க" என்றார் ஒருவர். மீட்டர் பழுது என்றார் இன்னொருவர். அவர் வெட்டவில்லை. அதற்குப் பதிலாக இன்னொரு 34 சென்டிமீட்டர் துண்டை முதல் துண்டோடு தொடுத்தார். மொத்தம் 68. கேபிள் நீளமாகியிருக்கிறது, வாட் இன்னும் குறைய வேண்டும். மைக்கை அழுத்தினார். 25.

அந்தக் கணத்தைப் பற்றிப் பேசும்போது இன்றும் அவர் குரல் ஏறுகிறது. ஒரு துண்டு போட்டால் போகிற சக்தி, இரண்டு துண்டு போட்டால் திரும்பி வருகிறது. மறுநாள் காலையில் கடையைத் திறக்காமல், மீட்டரையும் துண்டுகளையும் பையில் போட்டுக்கொண்டு கடலூருக்குப் பஸ் ஏறினார்.

கடலூரில் அவருக்குக் குருவாக வாய்த்தவர் தந்தித் துறையிலிருந்து ஓய்வு பெற்ற மூத்த ஹாம் ஒருவர். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி வாட்டைப் பற்றியது இல்லை.

"எஸ்டபிள்யூஆர் எவ்வளவு தம்பி காட்டிச்சு?"

"ரெண்டு சார்."

"துண்டு போட்டப்ப?"

"அப்பவும் ரெண்டுதான் சார்."

"அப்ப மீட்டர் பொய் சொல்லல. பங்காரு வாய்க்கால் பாத்திருக்கல்ல? மதகை அரைவாசி எறக்கி வெச்சா, வர்ற அலை என்ன ஆவும்?"

சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீரைக் கொண்டுவரும் அந்த வாய்க்கால், சிறுவயதில் அவர் குதித்து விளையாடிய இடம். கல்லைப் போட்டால் கிளம்பும் அலை மதகில் முட்டித் திரும்பும். போகிற அலையும் வருகிற அலையும் சந்திக்கிற சில இடத்தில் தண்ணீர் எழும்பும், சில இடத்தில் அசையாமல் கிடக்கும். கேபிளுக்குள்ளும் அதுவே நடக்கிறது. 50 ஓம் கேபிளின் முடிவில் 50 ஓம் ஆண்டெனா இருந்தால் போகிற அலை முழுவதும் ஆண்டெனாவுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் ஒரு பங்கு திரும்பி வரும். அதைச் சொல்வதுதான் எஸ்டபிள்யூஆர் என்ற நிலையலை விகிதம். அது 2 என்றால் திரும்பி வருவது நூற்றில் 11 பங்கு. 3 என்றால் நூற்றில் 25.

திரும்பி வரும் அலையின் பங்கு கேபிள் நெடுக ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே எஸ்டபிள்யூஆர் மாறவில்லை. ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள விகிதம் மாறிக்கொண்டே போகிறது. எஸ்டபிள்யூஆர் 2 உள்ள 50 ஓம் கேபிளில் அந்த விகிதம் ஓரிடத்தில் 25 ஓமாக இருக்கும். அங்கிருந்து கால் அலைநீளம் தள்ளி 100 ஓமாக இருக்கும். இன்னொரு கால் தள்ளினால் மறுபடி 25. பெல் ஆய்வுக்கூடத்துப் பிலிப் ஸ்மித் 1939-இல் வெளியிட்ட வட்ட வரைபடம் காட்டுவது இதைத்தான். அரை அலைநீளம் நடந்தால் வட்டத்தில் ஒரு முழுச்சுற்று. கால் அலைநீளம் நடந்தால் நேர் எதிர்ப்புறம். பிரகாரத்தை அரைச்சுற்றுச் சுற்றினால் சன்னிதிக்குப் பின்னால் போய் நிற்கிற மாதிரி என்று குரு விரலால் மேசையில் வட்டம் போட்டுக் காட்டினார்.

பிறகு கணக்கு. 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.07 மீட்டர். ஆனால் அது வெட்டவெளிக் கணக்கு. ஆர்ஜி-58 கேபிளுக்குள் இருக்கும் பாலிதீன் அலையின் வேகத்தை ஒளியின் வேகத்தில் நூற்றுக்கு 66 ஆகக் குறைத்துவிடும். கேபிளுக்குள் அரை அலைநீளம் 68 செ.மீ.; கால் அலைநீளம் 34 செ.மீ. இழுப்பறையில் கைக்கு அகப்பட்ட துண்டு தற்செயலாகச் சரியாகக் கால் அலைநீளமாக இருந்திருக்கிறது. டிரான்ஸ்மிட்டர் அதுவரை வட்டத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. துண்டைக் கோத்ததும் எதிர்ப்பக்கத்தைப் பார்த்தது. பெட்டிக்குள் இருக்கும் கடைசி டிரான்சிஸ்டரும் அதை அடுத்த ஃபில்டரும் 50 ஓமுக்கென்று கட்டப்பட்டவை. 25 ஓமைக் கண்டால் ஒரு மாதிரி நடந்துகொள்ளும், 100 ஓமைக் கண்டால் வேறு மாதிரி. அதனால் பெட்டியே உண்மையில் குறைவாக உற்பத்தி செய்தது. காணாமல் போன எட்டு வாட் எங்கும் போகவில்லை, பிறக்கவே இல்லை. துண்டு ஜில்லென்று இருந்ததன் காரணம் அது.

பழைய காலத்தில் இந்தத் தொல்லை கண்ணில் பட்டதில்லை என்றார் குரு. அவர் இளவயதில் கட்டிய டிரான்ஸ்மிட்டரில் 807 வால்வு இருந்தது. அதன் வெளியீட்டில் ட்யூன், லோட் என்று இரண்டு திருகு. கேபிள் 25 ஓம் காட்டினாலும் 100 ஓம் காட்டினாலும் இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினால் வால்வு தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொள்ளும். திருகுகளே இல்லாத டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்த பிறகுதான் கேபிள் நீளம் பேசுபொருளாயிற்று. வால்டர் மேக்ஸ்வெல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1973 முதல் க்யூஎஸ்டி பத்திரிகையில், திரும்பி வரும் சக்தியைப் பற்றி ஹாம்கள் நம்பிக்கொண்டிருந்த தவறுகளைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக உடைத்தார். அந்தக் கட்டுரைகளின் ஜெராக்ஸ் குருவிடம் இருந்தது. மெக்கானிக் அதை வாங்கிவந்து, ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று மாதம் படித்தார்.

அதில் அவரைத் தூக்கிவாரிப் போட்ட விஷயம் ஒன்று. 100 வாட் டிரான்ஸ்மிட்டருக்கும் கேபிளுக்கும் நடுவே ட்யூனர் வைத்துப் பொருத்திவிட்டு, ட்யூனருக்குப் பின்னால் மீட்டரை வைத்தால், எஸ்டபிள்யூஆர் 3 உள்ள கேபிளில் முன்னோக்கிப் போகும் சக்தி 133 வாட் என்று காட்டும். 33 வாட் திரும்பி வந்து, ட்யூனரில் முட்டி, மறுபடி முன்னோக்கிப் போகிறது. கழித்துப் பார்த்தால் அதே 100. குரு வீட்டில் இதைச் செய்தே பார்த்தார்கள். முள் 100-ஐத் தாண்டிப் போனதைக் கண்டு, பெட்டி வாட்டை வாரி வழங்குகிறது என்று எத்தனை பேர் பெருமைப்பட்டிருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியது. முன்னோக்கிய அளவிலிருந்து திரும்பும் அளவைக் கழிக்காமல் வாட் என்ற சொல்லை அதன் பிறகு அவர் உச்சரித்ததில்லை.

சரி, 25 வாட் வேண்டுமானால் 68 செ.மீ. துண்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? குரு ஒப்பவில்லை. "மேல போய்ப் பாரு தம்பி. வியாதி அங்க இருக்கு. நீ கீழ மருந்து தடவுற."

மாடியில் இருந்தது அவரே பித்தளைக் கம்பியில் செய்த கிரவுண்ட் பிளேன் ஆண்டெனா. நடுவில் செங்குத்தாக ஒரு கம்பி, அடியில் நாலு பக்கமும் படுக்கையாக நாலு கம்பி. படுக்கையாக நீட்டினால் அது சுமார் 36 ஓம் ஆண்டெனா. நாலையும் 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால் 50 ஓமுக்குப் பக்கத்தில் வரும். படம் பார்த்துச் செய்தவருக்கு அந்தச் சாய்வின் அவசியம் தெரிந்திருக்கவில்லை. செங்குத்துக் கம்பியும் தேவைக்கு மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமாக இருந்தது. கம்பிகளைச் சாய்த்து, நடுக்கம்பியை 49 செ.மீ. வரை கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். எஸ்டபிள்யூஆர் 1.1-க்கு வந்தது. பிறகு 34 துண்டு, 68 துண்டு, இரண்டையும் சேர்த்து, எதையும் சேர்க்காமல் என்று எல்லா விதமாகவும் கோத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. திரும்பி வர அலை இல்லாதபோது வட்டம் ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. அதை எத்தனை முறை சுற்றினாலும் நிற்பது அதே இடத்தில்தான்.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் கேபிள் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிடும். அடுத்த வருடமே அவர் வேறு பாடம் படித்தார். ஆண்டெனாவை உயர்த்தலாம் என்று நல்ல சவுக்குக் கம்பமாகப் பார்த்து வாங்கி மாடியில் நட்டார். எட்டு மீட்டர் கேபிள் இருபது மீட்டர் ஆயிற்று. எஸ்டபிள்யூஆர் முன்னைவிட அழகாக இருந்தது. ஆனால் வில்லியனூர்ப் பக்கத்து நண்பர், "முன்ன மாதிரி இல்லண்ணே, கொஞ்சம் கம்மியாதான் கேக்குது" என்றார். கம்பம் உயர்ந்தும் குரல் தாழ்ந்திருக்கிறது. குருவின் மீட்டரை இரவல் வாங்கி, ஒன்றைப் பெட்டியிடமும் இன்னொன்றைக் கம்பத்தின் உச்சியில் ஆண்டெனாவுக்குப் பதிலாக டம்மி லோடோடும் வைத்தார். மகன் கீழே மைக்கை அழுத்த, இவர் மேலே படித்தார். கீழே 10 வாட், மேலே 4.

145 மெகாஹெர்ட்ஸில் இருபது மீட்டர் ஆர்ஜி-58 ஏறக்குறைய 4 டெசிபெல் தின்னும். பத்து போனால் நான்கு வரும். இந்த முறை கேபிள் உண்மையாகவே சாப்பிட்டிருக்கிறது. ஆறு வாட்டின் சூடு இருபது மீட்டரில் பரவியதால் கைக்குத் தெரியவில்லை. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மீட்டருக்கு இதைச் சொல்ல வழியே இல்லை. அதைவிட மோசம், அது நல்ல செய்தி மட்டும் சொல்லும். ஆண்டெனாவிலிருந்து திரும்பும் அலையும் அதே கேபிளில் தேய்ந்துகொண்டே வருவதால், கீழே எஸ்டபிள்யூஆர் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். சென்னை ரிச்சி தெருவில் தடித்த ஆர்ஜி-213 விலை கேட்டுவிட்டு, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்.

அந்தத் தள்ளிப்போடலுக்குப் பலன் 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் வந்தது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்த அந்தக் காலையில், மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரங்கள் இல்லை. பாட்டரியில் பெட்டியைப் போட்டு மீட்டரைப் பார்த்தார். எஸ்டபிள்யூஆர் 2.3. அப்படி ஒன்றும் மோசமில்லை, ஆண்டெனா வளைந்திருக்கும் என்று நினைத்து ஒரு மணி நேரம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு மாடிக்குப் போனால் கம்பத்தின் மேல்பாதியே இல்லை. ஆண்டெனா அறுந்து பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் கிடந்தது. கேபிளின் நுனி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

நுனி திறந்த கேபிளிலிருந்து அலை முழுவதும் திரும்ப வேண்டும். எஸ்டபிள்யூஆர் அளவே இல்லாமல் ஏற வேண்டும். ஆனால் போகும்போது 4 டெசிபெல், வரும்போது 4 டெசிபெல் தேய்ந்ததால் கீழே 2.3 என்று சாதுவாகத் தெரிந்தது. ஆபத்து நேரத்தில் ஒரு மணி நேரப் பாட்டரியை அந்தக் கேபிளைச் சூடாக்கச் செலவிட்டதை நினைத்தால் அவருக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. பொங்கலுக்கு முன் ஆர்ஜி-213 வந்துவிட்டது. இருபது மீட்டருக்கு இழப்பு 2 டெசிபெல்லுக்குக் கீழே. பத்து போனால் ஆறரை வருகிறது.

இதற்கெல்லாம் பிறகு சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் அவரிடம் வர ஆரம்பித்தார்கள். பாகூரிலிருந்து வந்த பையன் ஒருவன் கேபிள் டிவிக்காரர்கள் மிச்சம் விட்ட ஆர்ஜி-6-ஐ இழுத்திருந்தான். காசு மிச்சம், இழப்பும் குறைவு. ஆனால் அது 75 ஓம் கேபிள். ஆண்டெனா அச்சு அசலாக 50 ஓமாக இருந்தாலும், கால் அலைநீள 75 ஓம் கேபிளின் மறுமுனையில் அது 112.5 ஓமாகத் தெரியும். 50 ஓம் மீட்டர் 2.25 என்று காட்டும். அரை அலைநீளம் இருந்தால் மறுபடி 50 ஓம், எஸ்டபிள்யூஆர் 1. இங்கே நீளம் மாறினால் எஸ்டபிள்யூஆரே மாறும். பையனுக்கு அவர் புதுக் கேபிள் வாங்கச் சொல்லவில்லை. அந்தக் கேபிளில் அலையின் வேகத்தை அளந்து, அரை அலைநீளத்தின் மடங்காக வெட்டிக் கொடுத்தார். வெட்டுவதற்கு நியாயமான காரணம் இருக்கும் இடத்தில் வெட்டத்தான் வேண்டும்.

இன்னொரு வீட்டில் கேபிளைக் கையால் பிடித்தாலே முள் ஆடியது. கேபிளின் வெளிப்பின்னலின் மேற்புறமும் ஆண்டெனாவாக வேலை செய்துகொண்டிருந்தது. அப்படி இருந்தால் கேபிளின் நீளம், அது போகும் வழி, சுவரோரக் கம்பி எல்லாமே ஆண்டெனாவின் அங்கம். கணக்கு எதுவும் நிற்காது. ஆண்டெனாவின் அடியில் கேபிளை ஐந்தாறு சுற்றுச் சுருட்டிக் கட்டியதும் முள் அடங்கியது. வேறு ஒருவர், 100 வாட் எலிமென்ட் போட்ட பேர்ட் மீட்டரில் 10 வாட் அளந்துவிட்டுப் பதற்றமாக வந்தார். அந்த மீட்டரின் துல்லியம் முழு அளவில் நூற்றுக்கு 5, அதாவது 5 வாட். 10 என்று காட்டினால் 5-ஆகவும் இருக்கலாம், 15-ஆகவும் இருக்கலாம்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோ ஏவிய ஹாம்சாட் செயற்கைக்கோள் இயங்கிய காலம் அவருக்கு மிகப் பிடித்த காலம். 435 மெகாஹெர்ட்ஸில் மேலே அனுப்பி, 145-இல் கீழே கேட்க வேண்டும். 2014 வரை அது வேலை செய்தது. 435-இல் கால் அலைநீளத் துண்டு வெறும் 11 செ.மீ. ஒரு பிளக்கை மாற்றினாலே வட்டத்தில் இடம் கணிசமாக நகர்ந்துவிடும். அங்கே ஆண்டெனாவைச் சரி செய்வதைத் தவிர வேறு வழியே கிடையாது என்பதால், அந்தச் செயற்கைக்கோள்தான் தன் கையை ஒழுங்குபடுத்தியது என்கிறார்.

ஏழு மெகாஹெர்ட்ஸ் டைபோலுக்கு அவர் வைத்திருக்கும் கேபிள் ஒன்று தனியாகச் சுருட்டி ஆணியில் தொங்குகிறது: 13 மீட்டர் 94 செ.மீ. 7.1 மெகாஹெர்ட்ஸில் சரியாக அரை அலைநீளம். அதன் கீழ்முனையில் அளந்தால், மேல்முனையில் ஆண்டெனா எத்தனை ஓமோ ஏறத்தாழ அதே ஓம் தெரியும். கம்பத்தில் ஏறாமலே ஆண்டெனாவின் நாடியைப் பிடித்துவிடலாம். ஹைதராபாதின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரும் பையன்களிடம் முதலில் அந்தக் கேபிளைத்தான் எடுத்துக் கொடுக்கிறார். அந்தப் பெட்டியின் கடைசி டிரான்சிஸ்டர் ஐஆர்எஃப்510. கண்ட கண்ட ஓமில் வைத்து மைக்கை அழுத்தினால் அது உயிரை விட்டுவிடும். "மொதல்ல டம்மி லோட்ல பாருடா. அப்புறம் இந்தக் கேபிள்ல பாரு. அதுக்கப்புறம் உன் கேபிள்."

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாமல் அங்கேயே நின்றது. புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அடுத்த இரவில் சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு 1,68,000 கனஅடி தண்ணீர் திறந்தார்கள். பாகூர் கொம்யூனில் ஆற்றங்கரை ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது. சவுக்குக் கம்பம் இந்த முறை நின்றது. தண்ணீர் வடிந்ததும் பெட்டியை உயிர்ப்பித்து, நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு அளந்தார். நோட்டில் எழுதியிருந்த எஸ்டபிள்யூஆர் 1.3. மீட்டர் காட்டியது 1.1.

பக்கத்தில் நின்ற பையன், "மாமா, முன்னைக்கு இப்ப நல்லா இருக்கு" என்றான். அவர் ஒன்றும் சொல்லாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடிப்படி ஏறினார். உச்சியில் பிளக்கைச் சுற்றியிருந்த டேப் பிளந்திருந்தது. கத்தியால் கேபிளின் தோலைக் கீறியபோது தண்ணீர் சொட்டியது. செம்புப் பின்னல் பச்சை பூத்துக் கறுத்திருந்தது. ஈரம் ஏறிய கேபிள், திரும்பி வரும் அலையையும் விழுங்கிவிட்டு 1.1 என்று காட்டியிருக்கிறது. பின்னல் செம்பு நிறத்தில் பளபளக்கும் இடம் வரும்வரை, கையளவு கையளவாக நறுக்கிக்கொண்டே போனார். ஆறு மீட்டர் போயிற்று. மிச்சத்தைக் கீழறைக்கென்று எடுத்து வைத்துவிட்டு, பரணில் இருந்த புதுச் சுருளை இறக்கினார். மேல் முனைக்கு ரப்பர் டேப், அதன் மேல் பிளாஸ்டிக் டேப், கீழே மழைநீர் சொட்டிப் போக ஒரு வளையம்.

புதுக் கேபிளில் மறுபடியும் 1.3. நோட்டில் தேதி போட்டு, கீழே 10 வாட், மேலே 6.7 என்று எழுதினார். நீளத்தையும் எழுதச் சொல்லிப் பையனிடம் டேப்பின் ஒரு முனையைக் கொடுத்தார். 19 மீட்டர் 40 சென்டிமீட்டர்.